நாறாத மீன்

ஜூன் 3, திங்கள்

காய்ச்சல் விட்டு இன்றுதான் அடுக்களைக்குள் கால் வைத்தேன். நான் படுத்துக் கிடந்த நாட்களில் இந்த வீடு எவ்வளவு சீராக நடந்திருக்கிறது என்பதைக் கண்குளிரப் பார்த்தேன். மல்லித்தூள் டப்பாவில் சீனி. சீனி டப்பாவில் எறும்பு. புளிப் பானையில் பூசணம். மருமகள் பெனிட்டா ஐந்து மாசம், அவளைச் சொல்ல முடியாது. மகன் ஜெரால்டைச் சொல்லலாம், சொல்லி என்ன ஆகப்போகிறது?

இவர் ஹாலில் உட்கார்ந்து டி.வி.யைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அலறவிட்டுக்கொண்டு, "சத்தமே வரல, ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்கிறார். காது மந்தமாகி வருஷக்கணக்காகிறது. வாங்கிக் கொடுத்த காது மிஷின் மாதா சுரூபத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளாத மனுஷனோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

காப்பி போட்டேன். வெந்நீரில் கறுப்புச் சாயம் கரைத்த மாதிரி இருந்தது. கடைக்காரன் புளியங்கொட்டையை வறுத்து அரைக்கிறான் போல.

ஜூன் 6, வியாழன்

மல்லிகைப் பூ வாங்கி மாதாவுக்குப் போட்டேன். மணமே இல்லை. எந்த ஊர்ப் பூவோ, என்ன மருந்து அடிக்கிறார்களோ. சாம்பிராணியும் அப்படித்தான், வெறும் புகை. நான் காய்ச்சலில் கிடந்த நேரம் பார்த்து ஊரில் எல்லாரும் கலப்படம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பெனிட்டாவின் அப்பா திண்டுக்கல்லில் இருந்து போன் பண்ணினார். தைரியநாதன். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னமும் ஸ்டேஷனில் அறிவிப்பு கொடுக்கிற குரலில்தான் பேசுவார். விஷயம் இதுதான்: தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பது முறை. ஆனால் பெனிட்டாவுக்குத் தாய் இல்லை. இவள் காலேஜ் படிக்கும்போதே தாய் இறந்துவிட்டாள். வீட்டில் இருப்பது அவருடைய அக்கா. அந்த அம்மாள் பார்த்துக்கொள்வாளா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா என்று மாதா திருவிழாவுக்கு வரும்போது முடிவு சொல்கிறாராம். "வீட்டையும் ஒருக்கா பாத்துக்கறேன் சம்மந்தி" என்றார். பார்க்கட்டும். காட்டப் பயப்பட இது என்ன புறம்போக்கில் கட்டிய வீடா?

எனக்கு என்ன வந்தது? எங்கே பெற்றாலும் பிள்ளை பிள்ளைதான்.

மத்தியானம் இவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து, கஞ்சி போகத் துவைத்து, சின்னச் சின்னத் துணியாக மடித்து வைத்தேன். பீரோவில் சும்மா கிடந்தது, இடத்தை அடைக்கிறது, அதற்காகத்தான்.

ஜூன் 13, வியாழன்

மீன் பொரித்ததில் கருகிவிட்டது. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சட்டி சரியில்லை.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டுக்குப் புது மனுஷர் வந்திருக்கிறார். ஓவன். ஒரு சின்னத் தகரப் பெட்டி, கண்ணாடிக் கதவு, மூன்று திருகு. மீன் பொரிக்கிற வாடை பட்டாலே பெனிட்டாவுக்குக் குடல் புரட்டுகிறதாம், அதனால் ஜெரால்ட் பொண்டாட்டிக்காக வாங்கி வந்துவிட்டான். நான் இவனைச் சுமந்தபோது எனக்குக் கருவாட்டு வாடையே ஆகாது. என் மாமியார் அந்த மாதம் பார்த்துக் கருவாடாகச் சமைத்தாள். அது அந்தக் காலம்.

பெனிட்டா செல்போனில் எவளோ ஒருத்தி சமைப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். முதலில் வெறும் பெட்டியைச் சூடாக்க வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லாமல்! கரண்டுக்காரனுக்குத் தர்மம். பிறகு உருளைக்கிழங்கு, கேரட், குடைமிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் பெரிது பெரிதாக வெட்டி, உப்பும் மிளகும் போட்டு எண்ணெயில் புரட்டித் தட்டில் பரப்பி, அதன்மேல் மீனை முழுசாகப் படுக்க வைப்பது. புளி கிடையாது, தேங்காய் கிடையாது, மிளகாய்த்தூள்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்திருக்கிற மாதிரி அந்த விளமீன் தட்டில் கிடந்தது.

"இதுக்கு பேரு என்னம்மா?"

"ரோஸ்ட் மாமி."

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு சமைக்க மறந்துட்டோம்னு."

சிரித்தாள். என்ன சொன்னாலும் சிரிப்பாள், அதுதான் எரிச்சல். சண்டைக்கு ஒரு பிடி கொடுக்காத பெண்.

மணி அடித்ததும் எடுத்தோம். கருகவில்லை, வேகாமலும் இல்லை. சப்பென்று இருந்தது. ஆனால் இப்போது எல்லாமே சப்பென்றுதானே இருக்கிறது? மற்ற மூன்று பேரும் முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டார்கள்.

ஜூன் 22, சனி

பிரகாசி மோந்தால் மீன் பேசும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பெருமைக்கு எழுதவில்லை. செவுளைத் தூக்கி ஒரு தடவை மூச்சை இழுத்தேன் என்றால், காலையில் பிடித்ததா, நேற்றுப் பிடித்து ஐஸில் உறங்கியதா என்று சொல்லிவிடுவேன். தெருவில் நாலைந்து வீட்டுக்கு நான்தான் மீன் வாங்கித் தருவேன்.

இன்று கடற்கரையில் மீன் விற்கிற மிக்கேலம்மாவிடம் நின்றேன். கண்ணைப் பார்த்தேன், செவுளின் சிவப்பைப் பார்த்தேன், விரலால் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "எடுத்து வை" என்றேன்.

மிக்கேலம்மா என்னையே பார்த்தாள். "என்னக்கா, மோந்து பாக்காம வாங்குதிய? என்மேல திடீர்னு அம்புட்டு நம்பிக்கையா?"

"சளி பிடிச்சிருக்குட்டி" என்றேன். சளி பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது, அவளுக்கு என்ன? வாய் நீளம்.

அடுத்த வாரத்திலிருந்து தெருக்காரர்களுக்கு மீன் வாங்கித் தருவதாக இல்லை. எனக்கு முட்டி வலி. அவரவருக்குக் கை கால் இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

ஓவனை நான் எடுத்துக்கொண்டேன். பெனிட்டாவுக்குக் காய்கறி ஒரே அளவாக வெட்ட வரவில்லை. ஒன்று யானை, ஒன்று எலி. நல்லெண்ணெய் ஊற்றினேன், பூண்டைத் தட்டிப் போட்டேன், மீனின் வயிற்றுக்குள் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அடைத்தேன். மீனில் மூன்று கீறல் போட்டு மிளகும் மஞ்சளும் தேய்த்தேன். இப்போது அது கட்டிலில் இருந்து எழுந்து நடமாடுகிற மீன்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அடுப்பில் பொரித்தால் ஒரு மனுஷி பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டும், எந்த நொடியில் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பெட்டிக்கு அதெல்லாம் வேண்டாம். திருகிவிட்டால் மணி அடிக்கும். ஒரு முட்டாள்கூடச் சமைக்கலாம். அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஜூலை 11, வியாழன்

இன்று ஒரு சின்ன விஷயம். எழுதுகிற அளவுக்குப் பெரிதில்லை.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றதால் பார்க்கவில்லை. பெனிட்டா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் ஓடி வருகிறாள். வந்ததும் கேஸை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், பின்கதவைத் திறந்தாள்.

"மாமி, கேஸ்! மாடி வரைக்கும் அடிக்குது. உங்களுக்கு..."

"எனக்குத் தெரியாதா? நானே மூடத்தானே போனேன். இந்த வயித்தோட படியில ஓடி வாரியே, அறிவிருக்கா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். அவள் மூக்கு இப்போது நாய் மூக்கு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அப்படித்தான், எதிர் வீட்டில் பூண்டு உரித்தாலும் தெரியும்.

ஜெரால்ட் சாயங்காலம் வந்தான். சொல்லிக் கொடுத்து ஒரு நாடகம் நடத்துவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அப்பாவிடம் நேரில் சொல்ல வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. சொல்லட்டும், கூட்டிக்கொண்டு போகட்டும். திண்டுக்கல்லில் பூட்டு நன்றாகச் செய்வார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கட்டும்.

கண்ணில் இன்னும் தண்ணீர் வருகிறது. வெங்காயக் காரம்.

ஜூலை 14, ஞாயிறு

இப்போதெல்லாம் நான் அடுக்களைக்குள் போனால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால் "ஹால்ல டி.வி. சத்தம் மாமி" என்கிறாள். வேவு பார்க்கிறாள். பால் பாத்திரத்தைத் திறந்து முகத்தருகே கொண்டுபோய் வைக்கிறாள், ரசத்தைத் திறந்து பார்க்கிறாள், முட்டையை உடைத்தால் எட்டிப் பார்க்கிறாள். என் அடுக்களையில் எனக்கு இன்ஸ்பெக்டர்!

மூக்குக்குள் ஆவி பிடித்தேன். நொச்சி போட்டு, மஞ்சள் போட்டு, தைலம் விட்டு. கண் எரிந்தது. வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 26, வெள்ளி

கொடியேற்றம். கூட்டம். அன்னையிடம் ஒன்றைக் கேட்டேன். என்னவென்று இங்கே எழுத மாட்டேன், அது எனக்கும் அவளுக்கும் உள்ளது.

வசம்பு, ஓமம், ஜாதிக்காய் எல்லாம் வாங்கி வைத்தேன். தொட்டில் கட்டுகிற கொக்கிக்கு எண்ணெய் போட்டேன். துருப்பிடித்திருந்தது, பார்க்க அசிங்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

சம்மந்தி இன்று வருவதாக இருந்தது. வெள்ளனே கடற்கரைக்குப் போய் அருமையான விளமீன் இரண்டு வாங்கினேன். மிக்கேலம்மாவே எடுத்துக் கொடுத்தாள். "சம்மந்தி வாராவளா? அப்ப இத எடுத்துக்கங்க" என்றாள். பத்து மணிக்குப் போன்: வர முடியவில்லையாம், திங்கட்கிழமை திருவிழா அன்றே வருகிறாராம். நாளைக்கு ஞாயிறு, நாளை மறுநாள் மாதா திருவிழா. இரண்டு நாளும் ஒரு படகும் கடலுக்குப் போகாது. ரயிலில் வேலை பார்த்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

மீனை ஃப்ரீசரில் வைத்தேன். மட்டன் பிரியாணி போடலாம் என்று ஜெரால்ட் சொன்னான். முடியாது என்றேன். மட்டன் திண்டுக்கல்லிலேயே கிடைக்கும். தூத்துக்குடி வீட்டுக்கு வந்தவருக்கு மீன்தான். அதுவும் எண்ணெயில் பொரிக்காத மீன், அவருக்கு டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். என் கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு அப்புறம் முடிவு சொல்லட்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது?

காலையில் அடுக்களைக்குப் போனால் தரையில் தண்ணீர். ஃப்ரீசர் கதவு ஒரு விரற்கடை திறந்து கிடக்கிறது. நேற்று ஜெரால்ட் கூட்டாளிகளைக் கூட்டி வந்து ரோஸ்மில்க் குடித்தானே, ஐஸ் எடுத்த மகராசன் கதவை மூடவில்லை. எப்போதிலிருந்து திறந்து கிடந்ததோ. மீன் முழுசாக இளகிவிட்டது. கண் கொஞ்சம் உள்ளே போயிருந்தது, ஐஸில் இருந்தால் அப்படித்தான் போகும். செவுளைத் தூக்கி மோந்து பார்த்தேன். நன்றாக இழுத்து, இரண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை. கெட்ட மீன் நாறும். இது நாறவில்லை. ஆக, மீன் நல்ல மீன். கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

சம்மந்தி பதினோரு மணிக்கு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், பாத்ரூமில் வழுக்குமா என்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். இவரிடம் ஏதோ கேட்டார், இவர் வேறு எதற்கோ பதில் சொன்னார், இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

சாயங்காலம் தேர் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். காய்கறியைப் பரப்பினேன், மீனைக் கீறி மசாலா தேய்த்தேன். பெனிட்டா உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். ஏழு மாசம் முடிந்த பிறகு என்ன குமட்டல்? அப்பா வந்திருக்கிறார் இல்லையா, கொஞ்சம் செல்லம். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா பாக்க? நல்லா வந்திருக்கா?"

"நல்லா இருக்கு மாமி" என்றாள். அப்புறம், "பூண்டு வேலை எல்லாம் முடிஞ்சுதுல்ல? நீங்க போய் முகம் கழுவி நல்ல சேலை கட்டிக்கிட்டு வாங்க. அப்பாகூட உக்காந்து பேசுங்க. நான் உள்ள வச்சு எடுத்துர்றேன்."

ஓவன் அவளுக்காக வந்த சாமான் ஆயிற்றே, சரி என்று விட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

நான் சம்மந்திக்குக் கொடியேற்றத்தின் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜெரால்ட் இருமிக்கொண்டே எழுந்து ஓடுகிறான். பின்னால் போனால் அடுக்களை முழுக்கப் புகை. ஓவனுக்குள் என் இரண்டு விளமீனும் கரிக்கட்டை. கேரட்டும் உருளைக்கிழங்கும் எது எதுவென்று அடையாளம் தெரியவில்லை. திருகு கடைசி வரைக்கும் திரும்பிக் கிடக்கிறது.

"தப்பாத் திருகிட்டேன் மாமி. மணியும் வைக்க மறந்துட்டேன். சாரி."

ஜூன் மாசத்திலிருந்து அந்தத் திருகைத் திருகுகிறாள், இன்றைக்குத் தப்பாகிவிட்டதாம். கோபத்தில் எனக்கு நாக்கு குழறியது. ஆனால் சம்மந்தி நிற்கிறார். "பரவாயில்லம்மா, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கை தவறத்தான் செய்யும்" என்று சொன்னேன். இந்த ஒரு வரிக்கே எனக்கு மோட்சத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து திருவிழா பிரியாணி வந்திருந்தது. அதையும் ஆம்லெட்டையும் வைத்து இரவுச் சாப்பாடு முடிந்தது. சம்மந்தி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இவளைக் கூட்டிட்டுப் போனா எங்க அக்கா வீட்டையும் கொளுத்திருவா. இங்கயே இருக்கட்டும் சம்மந்தி. அடுக்களை தெரிஞ்ச ஆளுகிட்ட இருக்கட்டும்."

அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. நான் கேட்கக்கூட இல்லை. மாதாவே, உனக்கு நாளைக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் அந்தக் கரிக்கட்டைகளைப் பின்கட்டில் கொட்டினேன். ஒரு பூனை சுவரில் இருந்து குதித்து வந்தது. பாவம், உள்ளே கொஞ்சம் சதை இருக்கும் என்று நானே உடைத்துப் போட்டேன். பூனை வந்து மூக்கை வைத்தது. வைத்த வேகத்தில் எடுத்தது. காலை உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

தூத்துக்குடிப் பூனை மீனை வேண்டாம் என்கிறது.

முள்ளை ஒட்டி இருந்த சதையைக் கையில் எடுத்தேன். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மூக்கில் வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. மூக்கு வலிக்க இழுத்தேன். சுத்தமாக ஒன்றுமில்லை.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே இனிமேல் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? என் மூக்கு செத்துப்போய்விட்டது. அந்தக் காய்ச்சலோடு போனது. பூவில் மணம் இருந்தது, காப்பியில் மணம் இருந்தது, எனக்குத்தான் இல்லை. ஜூன் மாசமே எனக்குத் தெரியும். சொன்னால் என்னை நம்பிப் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பயத்தில் அழுகின மீனுக்கு எலுமிச்சம்பழம் அடைத்து, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தட்டில் வைக்கப் பார்த்தேன்.

பெனிட்டா காப்பியோடு வந்தாள். நான் மீனைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். திரும்பிப் போகவும் இல்லை, ஒன்றும் தெரியாத மாதிரி நடிக்கவும் இல்லை.

"வேணும்னேதானே கருக்குன?"

"ஆமா மாமி."

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"கேஸ் அன்னைக்கு. வெங்காயம் உரிச்சுக்கிட்டு அடுப்புப் பக்கத்துல நிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியலை."

"அப்பாகிட்ட சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

அவள் என் பக்கத்தில் உட்கார முயன்றாள். அந்த வயிற்றோடு முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிருவாரு. அங்க எங்க அத்தை நல்லவங்கதான். ஆனா சோறு போடும்போதெல்லாம் 'தாயில்லாப் பிள்ளை, தாயில்லாப் பிள்ளை'ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டே போடுவாங்க. எங்க அம்மா செத்த அன்னையில இருந்து அதைத்தான் சாப்பிடுறேன். நீங்க திட்டிக்கிட்டே போடுறீங்க. எனக்கு இது இறங்குது மாமி."

இவ்வளவு நாளும் இந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து வேவு பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறேன். அவள் எனக்காக மோந்துகொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. "காப்பி ஆறுது, குடு" என்றேன்.

எட்டு மணிக்கு, இரவு இங்கேயே தங்கிவிட்ட சம்மந்தியோடு எல்லாரும் இட்லிக்கு உட்கார்ந்ததும் நான் சொல்லிவிட்டேன். பெனிட்டா கண்ணால் வேண்டாம் என்றாள். அவள் பொய்யில் நான் பிள்ளையை வாங்கிக்கொள்ள முடியாது. "சம்மந்தி, நேத்து முடிவு பண்ணினதை நீங்க இன்னொரு தடவை யோசிக்கணும். எனக்கு மூக்கு போயிருச்சு. கேஸ் திறந்து கிடந்தாலும் தெரியாது. நேத்து மீன் கெட்டுப்போன மீன். உங்க மக கருக்கினதாலதான் நாம எல்லாரும் இன்னைக்கு எந்திரிச்சு இட்லி சாப்பிடுதோம்."

ஜெரால்ட் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தான். இவர் மட்டும், "என்ன சொல்லுதா? என்னல சொல்லுதா?" என்று அவனை உலுக்கினார்.

"அம்மாவுக்கு வாசம் தெரியலையாம்ப்பா!" என்று ஜெரால்ட் கத்தினான். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. இனிமேல் தெருவுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சம்மந்தி இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். மனுஷருக்குக் கோபம் வந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. வராவிட்டால்தான் தப்பு. கடைசியில் மகளிடம் கேட்டார். "நீ என்னம்மா சொல்ற?"

"மாமி சமைக்கட்டும்ப்பா. நான் மோந்து சொல்றேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்கு போதும்."

"பிள்ளை வந்தப்புறம்?"

"அப்ப நான் எங்க போகப் போறேன்? இங்கதானே இருப்பேன்?"

அவர் ஜெரால்டைப் பார்த்தார். "கேஸ் கசிஞ்சா கத்துற மிஷின் ஒண்ணு விக்குது. அதை மாட்டிட்டு எனக்கு போட்டோ அனுப்புங்க மாப்ள. போட்டோ வரலைன்னா நான் வருவேன்." போகும்போது வாசலில் நின்று என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மிஷின் மாட்டியாயிற்று. சோதித்துப் பார்த்தபோது போட்ட சத்தம் இவருக்கே கேட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

மூக்கு டாக்டரிடம் போனோம். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகுமாம். வரலாமாம், வராமலும் போகலாமாம். இதைச் சொல்ல இவ்வளவு படித்திருக்கிறார். தினம் காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூக்கலிப்டஸ் தைலம் நான்கையும் வரிசையாக மோந்து பார்க்க வேண்டுமாம், பழைய மணத்தை நினைத்துக்கொண்டே. மூக்குக்குப் பள்ளிக்கூடம்.

இரவு மீனும் காய்கறியும் ஓவனில். பெனிட்டா செவுளைத் தூக்கி மோந்துவிட்டு, "ஓகே மாமி" என்றாள். "ஓகேன்னா என்ன? கடல் மணமா, பாசி மணமா, ரத்த மணமா? சரியாச் சொல்லு" என்று ஒரு பாட்டம் திட்டினேன். திண்டுக்கல்காரிக்கு மீனை மோக்கக் கற்றுக்கொடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

அக்டோபர் 8, செவ்வாய்

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

அக்டோபர் 10, வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். குனிந்து பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைக்கிறார்கள். ஜெரால்ட் வைத்தான், கண்ணை மூடிக்கொண்டான். சம்மந்தி வைத்தார். இவர் வைத்துவிட்டு, "பச்சப்பிள்ள வாசம், அப்படியே நம்ம ஜெரால்டு" என்று ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

பெனிட்டா பிள்ளையை என் மடியில் வைத்தாள். நான் குனிந்தேன். இளஞ்சூடு இருந்தது. மயிர் மூக்கு நுனியில் பட்டுக் கூசியது. அவ்வளவுதான். அந்த வாசம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஜெரால்டை மோந்துதானே வளர்த்தேன். இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. எல்லாருக்கும் முன்னால் அழுதேன். எதை எதையோ இழந்தபோதெல்லாம் இப்படி வலிக்கவில்லை.

பெனிட்டா என் காதருகே வந்து, "சொல்லவா மாமி?" என்றாள்.

"வேண்டாம். உனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது" என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மற்ற எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். பெனிட்டா உறங்கினாள். பிள்ளை என் மடியில் இருந்தாள். மடி வெதுவெதுவென்று ஆனதும் விஷயம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பூசை முடிந்து ஜெரால்ட் உள்ளே வந்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, என்னம்மா இது, இம்புட்டுப் பிள்ளைக்கு இம்புட்டு நாத்தமா!" என்று வெளியே ஓடிவிட்டான். தகப்பனாம். துடைத்தேன், வெந்நீரில் கழுவினேன், இவருடைய வேட்டித் துணியைக் கட்டினேன். முகம் சுளிக்காமல் அவளுக்கு இதைச் செய்ய இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

டாக்டர் சொன்ன பாடத்தில் கிராம்பும் ரோஜாவும் பாதி நாள் மறந்துபோகிறது. ஐந்தாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன், அதை ஒருவேளைகூட விட்டதில்லை. பிள்ளையைத் தோளில் போட்டு, உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தேன். இன்றைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் உறங்கின பிறகும் மூக்கை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.